ஹம்பிக்கு இரண்டு நாள் பயணம்: தனி கைடு தேவையா, எப்படி அமர்த்துவது?

தேவைதான். ஆனால் இரண்டு நாளுக்கும் வேண்டாம், முதல் நாளுக்கு மட்டும் போதும். அந்த ஒரு நாளை எங்கே செலவிடுகிறீர்கள் என்பதுதான் முக்கியம்.

விட்டலர் கோயிலின் கல்தேரும் விருபாக்ஷர் கோயில் கோபுரமும் முழுதாக நிற்கின்றன. யாரும் சொல்லாமலேயே ரசிக்கலாம். கைடு இல்லாமல் ஒன்றுமே புரியாத இடம் அரண்மனைப் பகுதி. ஹம்பிதான் விஜயநகரப் பேரரசின் தலைநகரம். 1565 தலைக்கோட்டைப் போரில் அது தோற்ற பிறகு நகரம் சூறையாடப்பட்டதில் மரத்தால் ஆன மேல்கட்டுகள் அழிந்து, கல் அடித்தளங்கள்தான் மிஞ்சின. சும்மா நடந்தால் கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிடுவீர்கள். விஷயம் தெரிந்தவர் கூட இருந்தால் இரண்டு மணி நேரமும் போதாது. அங்கே அரசர்கள் நவராத்திரி விழாவைப் பார்த்த உயரமான மகாநவமி மேடையின் பக்கங்களில் வேட்டை, நடனம், குதிரை கொண்டுவந்த வெளிநாட்டார் என்று வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். 1520 வாக்கில் வந்த போர்ச்சுகீசியர் டொமிங்கோ பயஸ் நவராத்திரி விழாவைப் பற்றி எழுதியதை அந்தச் சிற்பங்களோடு சேர்த்துச் சொல்பவர்தான் நல்ல கைடு. பக்கத்திலேயே படிக்கட்டுக் குளம். 1980களில் அகழாய்வில் வெளிவந்தது. அதன் கறுப்புக் கற்களில் எந்தக் கல் எந்த வரிசையில் எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று சின்னச் சின்னக் குறிகள் வெட்டியிருக்கும். காட்டாவிட்டால் கண்ணில் படாது. குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்த கல் வாய்க்காலும் அப்படித்தான்.

அதனால் போனில் பேசும்போதே ஒரு கேள்வி கேளுங்கள்: "அரண்மனைப் பகுதிக்கு எவ்வளவு நேரம் வைப்பீர்கள்?" அரை மணி நேரம் என்றால் வேறு ஆளைப் பாருங்கள். தமிழ் பேசுவார் என்று சொல்லி ஒருவரைச் சேர்த்துவிட்டால், அவரோடு நேரடியாக ஐந்து நிமிடம் பேசிப் பார்த்துவிடுங்கள். கன்னடம், இந்தி, ஆங்கிலம், தெலுங்கில் சொல்பவர்கள் எளிதாகக் கிடைப்பார்கள். நாலு வார்த்தை தமிழை வைத்துக்கொண்டு சமாளிப்பவரைவிட, வீட்டில் ஒருவருக்காவது நன்றாகப் புரியும் மொழியில் சொல்பவரே மேல்.

சுற்றுலாத் துறையின் அடையாள அட்டை உள்ளவரையே அமர்த்துங்கள். அட்டையில் படமும் செல்லுபடியாகும் தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள். ஹம்பிக்குப் பக்கத்து ரயில் நிலையமான ஹொசப்பேட்டையில் இறங்கியதும் "நானே கைடு, நானே வண்டி" என்று ஆட்டோக்காரர்கள் வருவார்கள். வண்டிக்கு அவர்கள் நல்ல துணை. ஆனால் வரலாறு கேட்க வேண்டுமென்றால் இரண்டையும் பிரித்துவிடுங்கள், ஏனென்றால் வண்டி நிற்கும் இடம் வரைதான் அவர்கள் வருவார்கள்.

கட்டணம் குழுவுக்கா தலைக்கா, அரை நாள் என்றால் எத்தனை மணி நேரம், நுழைவுச்சீட்டும், வண்டி நிறுத்தத்திலிருந்து விட்டலர் கோயிலுக்குப் போகும் பேட்டரி வண்டிக் காசும் யார் பொறுப்பு, வழியில் கடைக்கு அழைத்துப் போவாரா என்பதையெல்லாம் முந்தின நாளே பேசி, வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தகராறு வருவதெல்லாம் பெரும்பாலும் இந்த நான்கில்தான். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுக்காதீர்கள்.

விட்டலர் கோயில், தாமரை மகால் உள்ள அந்தப்புர வளாகம், கமலாபுரம் அருங்காட்சியகம் மூன்றுக்கும் தொல்லியல் துறையின் ஒரே சீட்டு, அதே நாளில் மட்டும் செல்லும். விட்டலரை இன்றைக்கும் தாமரை மகாலை நாளைக்கும் என்று பிரித்தால் மறுபடி சீட்டு எடுக்க வேண்டும். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை.

வழியிலும் ஒரு விஷயம் இருக்கிறது. ஹம்பி கடைத்தெருவிலிருந்து விட்டலர் கோயிலுக்கு வண்டியில் போனால் கமலாபுரம் வழியாகச் சுற்ற வேண்டும். துங்கபத்திரைக் கரையோரமாக நடந்தால் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர்தான். கோதண்டராமர் கோயில், அச்சுதராயர் கோயில், அரசரின் துலாபாரக் கல் எல்லாம் அந்த வழியில் வரும். ஆட்டோவை விட்டலர் கோயில் வண்டி நிறுத்தத்துக்கு அனுப்பிவிட்டு, கைடோடு நடந்து போங்கள். நிறைய பேர் இதைத் தாமாகச் சொல்வதில்லை, நாம்தான் கேட்க வேண்டும். முதியவர்கள் கூட வந்தால் இந்த வழி வேண்டாம், பாறையும் படியும் அதிகம்.

தமிழர்களுக்கு இன்னொன்று: விட்டலர் கோயிலுக்கு அருகே திருமங்கையாழ்வாருக்கும் ராமானுஜருக்கும் கோயில்கள் உண்டு. வழக்கமான சுற்றில் வராது, முன்கூட்டியே சொல்லி வையுங்கள். விட்டலர் கோயிலில், தட்டினால் ஒலிக்கும் இசைத் தூணைத் தட்டிக் காட்டுகிறேன் என்று கைடு கையை நீட்டினால் தடுத்துவிடுங்கள். தட்டக் கூடாது என்பது விதி. தட்டித் தட்டியே கல் தேய்கிறது.

அரண்மனைப் பகுதியில் நிழலே கிடையாது. மார்ச் முதல் மே வரை போவதானால் அதைக் காலையில் முதலிலும், ஹஜாரராமர் கோயிலை அடுத்தும் வைக்கச் சொல்லுங்கள். விட்டலர் மாலையில் இருக்கட்டும்.

இரண்டாம் நாள் துங்கபத்திரைக்கு அக்கரையில் உள்ள ஆனெகுந்திக்கும், ஹம்பி கடைத்தெருவுக்கு அருகே உள்ள மதங்க மலைக்கும் நீங்களே போகலாம். விடியலில் மலை ஏறுவதானால் மட்டும் தனியாகப் போகாதீர்கள். டார்ச்சும் துணையும் கட்டாயம்.