கேட் சத்தத்த விடுங்க, அந்தக் கருகுற வாசனையப் பாருங்க

வீட்டுக்காரர் தவறிப்போய் எட்டு மாசம், சாயங்காலம் ஆனா கேட் திறக்குற சத்தமும் அவர் இருமுறதும் கேக்குது, போன் அடிக்காமலே பைக்குள்ள அதிருது, நடுவுல வயர் கருகுற வாசனை வேற, எனக்குப் புத்தி பேதலிக்குதான்னு கேட்டிருக்கீங்க. இல்லம்மா.

முப்பது வருஷமா அதே நேரத்துக்குக் கேட்ட சத்தம் அது. காதுக்குப் பாதிதான் வரும், மீதிய மூளை பழக்கத்த வச்சு நிரப்பிக்கும், அது இன்னும் அவருக்காகக் காத்துட்டு இருக்கு, அதனால எங்க எந்தக் கதவு கிறீச்சுன்னாலும் அது உங்க கேட்டாத்தான் கேக்கும். துணைய இழந்த 293 பேர்கிட்ட வேல்ஸ்ல ஒரு டாக்டர் விசாரிச்சு 1971ல எழுதினாரு, கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு இந்த மாதிரி அனுபவம் இருந்திருக்கு, முக்கால்வாசிப் பேர் வெளிய சொல்லவே இல்ல. பயிற்சி எடுத்தவங்களே ஏமாறுவாங்க, பிரான்ஸ்ல ஒயின் பத்திப் படிக்கிற 54 மாணவங்களுக்கு வெள்ளை ஒயின்ல வாசனையில்லாத சிவப்புச் சாயத்தக் கலந்து குடுத்தப்ப, சிவப்பு ஒயினுக்குச் சொல்ற வாசனையெல்லாம் சொன்னாங்க. போன் அதிர்றது எனக்கும்தான் வருது, விடுங்க.

ஆனா நான் நின்னது நீங்க எழுதினதோட கடைசி வரியில. வாசனை திடீர்னு வருது, எப்பவும் அதே வாசனை, வயித்துலேர்ந்து என்னமோ மேல ஏறுது, ஒரு நிமிஷத்துல போயிடுது, அப்ப கூப்பிட்டா அம்மா முழிச்சிட்டே வாய மெல்லுறாங்கன்னு பொண்ணு சொல்றாளாம். இத ஞாபகம்னு தள்ள மாட்டேன். மூளையில, காதுக்கு மேல இருக்கிற பொட்டுப் பக்கத்துல, வாசனையும் ஞாபகமும் சேர்ற இடத்துல வர்ற வலிப்பு இப்படித்தான் இருக்கும், கை கால் வெட்டி இழுத்தாத்தான் வலிப்புன்னு இல்ல.

இந்த வாரமே நியூராலஜிஸ்ட்ட, அதான் மூளை நரம்பு டாக்டரப் பாருங்க. அடுத்த தடவை வரும்போது பொண்ண போன்ல வீடியோ எடுக்கச் சொல்லுங்க, பாதி வேலை அதுலயே முடியும். மூளையோட மின்னலைகளப் பதியுற ஈஈஜி, எம்ஆர்ஐ ஸ்கேன் ரெண்டும் எடுக்கச் சொல்வாங்க, ஈஈஜி நார்மல்னு வந்தாலும் வலிப்பு இல்லன்னு அர்த்தமில்ல. அதுவரைக்கும் வண்டி ஓட்டாதீங்க, தனியா அடுப்புகிட்ட நிக்காதீங்க. அஞ்சு நிமிஷம் தாண்டியும் நிக்கலன்னா நேரா எமர்ஜென்சி. நெட்ல "மூளைக் கட்டி"ன்னு ராத்திரி பூரா தேடினீங்களே, அத ஸ்கேன் பார்த்துக்கும்.

பக்கத்து வீட்டம்மா குடுத்த தூக்க மாத்திரைய மூணு மாசமா தினமும் போடுறீங்களாமே, யாரக் கேட்டு? அதையும் நாளைக்கே டக்குனு நிறுத்திடாதீங்க, அப்படி நிறுத்தினாலும் வலிப்பு வரலாம். மாத்திரை அட்டையக் கையோட கொண்டு போய் டாக்டர்கிட்டக் காட்டுங்க, எப்படிக் குறைக்கிறதுன்னு அவங்க சொல்வாங்க.