கடற்கரை ஓரமாக, அவசரமில்லாத வாழ்க்கைக்குக் குடிபெயர எந்த ஊர் நல்லது? புதுச்சேரியா, மாமல்லபுரமா, ராமேஸ்வரமா, கன்னியாகுமரியா?

என்னைக் கேட்டால் பொறையாறு என்பேன். உங்கள் பட்டியலில் அது இல்லை என்பது தெரியும். தரங்கம்பாடிக் கடலில் இருந்து சைக்கிள் மிதிக்கும் தூரத்தில் இருக்கும் சின்ன ஊர். நான்கு வருடமாக நாங்கள் இங்கேதான் இருக்கிறோம். ஆனால் நேரே வந்து இறங்கவில்லை. மூன்று இடத்தில் வாடகைக்கு இருந்து, சூடுபட்டு, கடைசியில்தான் கடலை விட்டுக் கொஞ்சம் உள்ளே நகர்ந்தோம்.

நீங்கள் எழுதியிருப்பது: வீட்டில் இருந்தே வேலை, கையில் இருபத்தைந்து லட்சம், எழுபது வயது அம்மாவும் கூட வருகிறார், ஜன்னலைத் திறந்தால் கடல் தெரிய வேண்டும். இதில் கடைசி இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. ஜன்னலில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

தரங்கம்பாடியில் நாங்கள் எடுத்த வீட்டின் மாடியில் இருந்து அலை தெரியும். முதல் வாரம் அலைச் சத்தத்தில் தூக்கம் சொக்கியது. இரண்டாவது மாதம் சத்தம் காதில் விழுவதே நின்றுபோனது. உப்பு மட்டும் நிற்கவில்லை. சைக்கிள் செயின், கதவுத் தாழ்ப்பாள், மாமியாரின் வாக்கர், மனைவியின் தையல் மெஷின் என்று ஒவ்வொன்றாகப் பழுப்பேறியது. காலையில் துடைத்த கண்ணாடி சாயங்காலம் தொட்டால் பிசுபிசுத்தது. வீட்டுக்காரர் மாட்டியிருந்த ஏசியில் கேஸ் நிற்கவே இல்லை. பார்க்க வந்த மெக்கானிக், வெளிப்பெட்டியின் காயில் அரித்துப் பொடிந்து கிடந்ததைக் காட்டி, "கடலைப் பாத்து மாட்டிருக்காங்க சார், ரெண்டு வருசம் ஓடுனதே பெருசு" என்றார்.

சாமான் போனால் வேறு வாங்கலாம். கட்டடத்துக்குள்ளேயும் இதே வேலைதான் நடக்கிறது. உப்பு கான்கிரீட்டுக்குள் மெல்ல இறங்கிக் கம்பியைத் தொடும். துருப்பிடித்த கம்பி ஊதும், சுற்றியிருக்கும் கான்கிரீட் வெடித்துப் பெயரும். அதனால் கடலோர வீடு பார்க்கப் போனால் புது பெயிண்டைப் பார்க்காதீர்கள். சன்ஷேடுக்குக் கீழே, மாடிப்படிக்கு அடியில், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் தூண்களில் நிமிர்ந்து பாருங்கள். நீளவாக்கில் விரிசலும் பழுப்புக் கறையும் இருந்தால், பெயிண்டு உங்களுக்காகவே அடிக்கப்பட்டது.

அடுத்தது தண்ணீர். கடலோர மணலில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நிலத்தடி நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேலே 1 மீட்டர் இருந்தால், கீழே ஏறக்குறைய 40 மீட்டர் வரை நல்ல தண்ணீர் நிற்கும் என்பது கணக்கு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள்: ஆளுக்கொரு போர் போட்டு உறிஞ்சி மட்டம் அரை மீட்டர் இறங்கினால், அடியில் இருந்து உப்பு 20 மீட்டர் மேலே ஏறிவிடும். ஜனவரியில் இளநீர் மாதிரி இருந்த கிணறு மே மாதம் கரித்தது இப்படித்தான். ஒரு நாள் டீ திரிந்தது. பால்காரரோடு மனைவி சண்டைக்கே போய்விட்டார். அடுத்த நாளும் திரிந்தபோதுதான் எனக்குக் கிணறு மேல் சந்தேகம் வந்தது. பால்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. தண்ணீரை மே மாதக் கடைசியில் எடுத்துச் சோதனைக்குக் கொடுங்கள். வேறு எந்த மாதத்துச் சோதனையும் சமாதானத்துக்குத்தான் உதவும்.

இனி உங்கள் பட்டியல்.

புதுச்சேரியில் மூன்று மாதம் இருந்தோம், நகரத்துக்கு வடக்கே, ஆரோவில் போகும் பக்கம். ஊர் பிடித்தது. நல்ல மருத்துவமனை, நல்ல பேக்கரி, நடக்க நிழல் உள்ள தெரு. அம்மாவோடு வருபவருக்கு உங்கள் நான்கில் அதுதான் முதல். ஆனால் வடக்குப் பக்கம் வீடு வாங்கும் யோசனையை அங்கே ஒரு மீனவர்தான் கெடுத்தார். நல்ல வேளை. "கடல் மண்ண வடக்க தள்ளிட்டே இருக்கும் சார். நடுவுல கல்லக் கொட்டுனா தெக்க மண்ணு சேரும், வடக்க கடல் ஏறும்" என்றார்.

அவர் சொன்னதுதான் சோழமண்டலக் கரையின் முழுப் பாடம். வருடத்தில் பெரும்பகுதி அலை தெற்கில் இருந்து சாய்வாக வந்து மணலை வடக்கே நகர்த்துகிறது. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் கொஞ்சம் திரும்பும், ஆனாலும் மொத்தத்தில் வடக்கேதான் அதிகம். துறைமுகத்துக்கென்று கடலுக்குள் கல் சுவர் நீட்டினால் இந்த ஓட்டம் தடைபடும். சென்னையில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகச் சுவர் எழுந்த பிறகுதான் அதற்குத் தெற்கே மெரினா இவ்வளவு அகலமானது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் உள்ளே வந்தது. புதுச்சேரியில் 1980களின் கடைசியில் அதே கதை நடந்தது. நகரத்துக்கு முன்னால் இருந்த மணல் போய் வெறும் பாறாங்கல் நின்றது. சில வருடங்களுக்கு முன் கடலுக்கடியில் ஒரு தடுப்பு அமைத்துத் தலைமைச் செயலகம் பக்கம் கொஞ்சம் மணலை மீட்டிருக்கிறார்கள். வடக்கே போகப் போக அரிப்பு தொடர்கிறது, தென்னைகள் வேரோடு சாய்ந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு வந்தேன். ஆகவே இந்தக் கரையில் எங்கே மனை காட்டினாலும், தெற்கே துறைமுகமோ தூண்டில் வளைவோ (கரையில் இருந்து கடலுக்குள் நீட்டும் கல் தடுப்பு) இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். பக்கத்து ஊரில் புதிதாகக் கல் கொட்டினால் உங்கள் மனை கரையக்கூடும்.

மாமல்லபுரம், அதை ஒட்டிய கிழக்குக் கடற்கரைச் சாலை: சனி, ஞாயிறு மொத்தச் சென்னையும் அங்கேதான் வருகிறது. விலையும் சென்னை விலை. எதை விட்டு ஓடுகிறீர்களோ அது பின்னாலேயே வரும்.

ராமேஸ்வரம் வேறு மாதிரி. பாக் நீரிணைப் பக்கம் கடல் குளம் மாதிரி கிடக்கும், பார்க்கச் சலிக்காது. ஆனால் யாத்திரை ஊர். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்து ரயில் மறுபடி ஓட ஆரம்பித்திருக்கிறது, கூட்டம் குறைய வழியில்லை. எவ்வளவு இருந்தாலும் தீவு தீவுதான். நடுராத்திரி மூச்சுத் திணறினால் எங்கே போவது என்பதை அங்கேயே நின்று யோசித்துப் பாருங்கள்.

கன்னியாகுமரி நகரத்தை விட்டுவிடுங்கள், முட்டம் பக்கம் போங்கள். செம்மண் பாறை, கலங்கரை விளக்கம், இரண்டு பருவமழையும் கிடைக்கிற பசுமை, பக்கத்திலேயே நாகர்கோவில். எனக்குப் பணம் இருந்தால் அங்கேதான் போயிருப்பேன். நிலத்தின் விலை நம் மாதிரி ஆட்களுக்கு எட்டாது. அந்தக் கரையில் கள்ளக்கடல் என்று ஒன்று உண்டு: இங்கே காற்றே இருக்காது, எங்கோ தென்கடலில் கிளம்பிய அலை திடீரென்று கரையேறும். பெயர் வைத்தவர் ஒரு நாளாவது ஏமாந்திருக்க வேண்டும்.

பட்டியலில் இல்லாத, திருச்செந்தூருக்குத் தெற்கே இருக்கும் மணப்பாட்டில் இரண்டு மாதம் இருந்தோம். மணல்குன்றின் மேல் சிலுவைக் கோவில், கீழே இரண்டு பக்கமும் கடல். இத்தனை ஊரில் அழகு என்றால் அதுதான். மழை குறைவு. ஆடி மாதம் மேற்கில் இருந்து அடிக்கும் கச்சான் காற்றில் மணல் சோற்றில் விழும். பக்கத்துக் குலசேகரப்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிவிட்டார்கள். பெரிய மருத்துவம் என்றால் தூத்துக்குடி, இல்லை நாகர்கோவில். மாமியாருக்கு அப்போது எழுபத்தாறு வயது. ஒரு நாள் அவரே, "ஊரு சொர்க்கமாத்தான் இருக்கு மாப்ள, அதுக்காக இப்பவே கொண்டாந்து விடணுமா?" என்றார். அந்த வாரமே மூட்டை கட்டினோம்.

அப்படித்தான் தரங்கம்பாடி. 1620இல் தஞ்சை நாயக்கரிடம் இடம் வாங்கிக் கோட்டை கட்டிய டேனிஷ்காரர்கள், 1845இல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். அதன்பிறகு ஊருக்கு அவசரம் என்பதே இல்லாமல் போய்விட்டது. மயிலாடுதுறையில் இருந்து வந்துகொண்டிருந்த ரயிலும் 1980களில் நின்றுபோனது. ராஜ வீதியில் மத்தியானம் நாய் கூட நடுரோட்டில்தான் படுக்கும். உலகத்திலேயே ஓசோன் அதிகம் உள்ள கடற்கரை என்று யாராவது சொல்வார்கள், நம்ப வேண்டாம். அப்படி இருந்தால் ஓட வேண்டும், மூச்சில் போகிற ஓசோன் நுரையீரலுக்கு ஆகாது. கடல் இங்கேயும் சும்மா இல்லை. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துப் பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோவிலைப் பெரும்பாலும் அலை தின்றுவிட்டது. அதை நின்று பார்த்த பிறகும் கடலோரம் வீடு கேட்டோம் பாருங்கள்.

எட்டு மாதத்தில் பொறையாறுக்கு மாறினோம். இங்கே பேருந்து நிலையம், கல்லூரி, காய்கறிக் கடைகள், ராத்திரி பத்து மணிக்குத் திறந்திருக்கும் மருந்துக் கடை எல்லாம் உண்டு. கடலுக்காக வந்தவர்களை நம்பி நடக்கும் ஊர் இல்லை. அதனால் சுற்றுலாப் பருவம் முடிந்ததும் படுத்துவிடாது. காரைக்கால் பதினைந்து கிலோமீட்டருக்குள். புதுச்சேரி ஜிப்மரின் கிளை மருத்துவக் கல்லூரி அங்கே இருக்கிறது, அரசுப் பொது மருத்துவமனையும் உண்டு. இரண்டாம் வருடம் ஒரு நவம்பர் ராத்திரி, மழையில், மாமியாருக்கு மூச்சு வாங்கியது. அரை மணி நேரத்தில் ஆக்சிஜன் வைத்துவிட்டார்கள். இன்றைக்கும் சாயங்காலம் அவருக்கு வாசலில் பேச ஆள் இருக்கிறது. கடற்கரைக்கு அவர் வருடத்துக்கு ஒரு தடவை, காணும் பொங்கலுக்கு வருவார். நான் தினமும் காலையில் சைக்கிளில் போய்விட்டு வருகிறேன், வந்ததும் செயினைத் துடைத்து எண்ணெய் விடுகிறேன். இணையம் கேபிள்காரர் கொடுக்கும் ஃபைபர். புயல் எச்சரிக்கை வந்தால் இரண்டு நாள் மின்சாரம் இருக்காது என்று உங்கள் மேலாளரிடம் முன்னாலேயே சொல்லி வைத்துக்கொள்ளுங்கள்.

கடற்கரை என்றதும் நம் மனதில் காலி மணல்வெளி வருகிறது. இங்கே கடற்கரை வேலைத்தளம். விடியற்காலை படகு இழுப்பார்கள், வலை காயும், கருவாடு காயும், ஏலம் நடக்கும். யோகாவுக்கு விரிப்பைப் போட்ட இடம் ஒருவரின் வலை போடும் இடமாக இருந்து, நான் அசடு வழிந்திருக்கிறேன். அவர் கோபப்படவில்லை. "அந்தாண்ட போடுங்க சார்" என்று சொல்லிவிட்டு நான் மடிக்கும் வரை காத்திருந்தார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. நாட்டுப்படகுகள் கொண்டு வருவதுதான் மீன், வஞ்சிரம் பக்கம் போக முடியாது. அந்த நாட்களில் நெத்திலியும் மத்தியும் சாப்பிடக் கற்றுக்கொண்டோம். கற்றுக்கொண்ட பிறகு வஞ்சிரம் எதற்கு என்று ஆகிவிட்டது.

இருபத்தைந்து லட்சத்தைத் தயவு செய்து முதல் வருடம் தொடாதீர்கள். "கடல் பார்த்த மனை" என்று தரகர் காட்டுவதில் பாதி, கட்ட முடியாத மனை. கடற்கரை ஒழுங்குமுறை விதிப்படி கிராமப் பகுதிகளில் உயர் அலைக் கோட்டில் (கடல் ஏற்றத்தின்போது தண்ணீர் எட்டும் எல்லை) இருந்து 200 மீட்டர் வரை புதுக் கட்டுமானம் கூடாது. நெருக்கமாக மக்கள் வாழும் கிராமங்களுக்கு 2019 அறிவிக்கை அதை 50 மீட்டராகக் குறைத்தது. உங்கள் மனை எதில் வருகிறது என்பதைத் தரகர் வாயால் கேட்காமல், மாவட்டக் கடற்கரை மண்டல வரைபடத்தில் சர்வே எண்ணை வைத்துப் பாருங்கள். பட்டா இருக்கிறது, வில்லங்கம் இல்லை என்பதெல்லாம் அதற்குப் பிறகு. கட்ட அனுமதி உண்டா என்பதைப் பட்டா சொல்லாது.

வாடகைக்கு வருவதானாலும் ஜனவரியில் வராதீர்கள். ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லாக் கடற்கரையும் அழகுதான். அக்டோபர் கடைசியில் ஒரு பெட்டியோடு வந்து பொங்கல் வரை இருங்கள், பிறகு மே மாதம் மறுபடி வாருங்கள். இந்த இரண்டையும் அம்மா தாங்கினால் ஊர் உங்களுடையது.

வீடு பார்க்கும்போது வாடகை பேசுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: சுனாமியில் தண்ணீர் எதுவரை வந்தது? தரங்கம்பாடியில் நான் முன்பணம் கொடுத்து, சாமான் இறக்கி, பால் காய்ச்சிய பிறகுதான் வீட்டுக்கார அம்மாவிடம் இதைக் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து வந்து, கூடத்துச் சுவரில் ஸ்விட்ச் போர்டுக்கு ஒரு சாண் மேலே கையை வைத்துக் காட்டினார்.