பிழைத்திருத்தம்: ஒரு கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

நான் பினாங்கு, ஜெலுத்தோங்கிலிருந்து எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம். உயிர்மருத்துவ அறிவியலில் பட்டம் முடித்துவிட்டு ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். மருத்துவம் படிக்கும் ஆசை மட்டும் விடவில்லை. ஆஸ்திரேலியாவில் பட்டதாரிகளுக்கான மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிக்க எம்கேட் (MCAT) என்ற மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குத் தயாராகிறேன்.

வேலை முடிந்து வந்து இரவில் மாதிரித் தேர்வு எழுதுகிறேன். வேதியியல், இயற்பியல் பகுதியில் 59 கேள்விகளில் முதல் தடவை 34 சரி. அப்புறம் 36, 35, மறுபடி 36. நகரவே மாட்டேன் என்கிறது. தவறிய கேள்விகளின் விளக்கத்தை ஒரு மணி நேரம் உட்கார்ந்து வாசிக்கிறேன். வாசிக்கும்போது எல்லாம் புரிகிறது, ‘இது எனக்குத் தெரிந்ததுதானே’ என்றுகூடத் தோன்றுகிறது. அடுத்த தேர்வில் அதே இடத்தில் விழுகிறேன். தமிழ்நாட்டில் நீட் எழுதிய சித்தப்பா மகன், சந்தேகம் வந்தால் விட்டுவிடு என்றான். போன தடவை 6 கேள்விகளை விட்டேன். இன்னும் இரண்டு கேள்வித் தொகுப்பு வாங்கிச் செய்தால் சரியாகிவிடுமா? என் நோட்டில் மூன்று பக்கங்களைப் படம் பிடித்து இணைத்திருக்கிறேன்.

*

அன்பு மகளுக்கு வணக்கம்.

முதலில் அந்த 6 கேள்விகளைப் பார்த்துவிடுவோம். நீட்டில் 180 கேள்விகள். சரியென்றால் 4 மதிப்பெண், தவறென்றால் 1 கழிப்பார்கள். உங்கள் சித்தப்பா மகன் சொன்னது அங்கே நல்ல யோசனைதான். எம்கேட்டில் கழிவே கிடையாது. தெரியாவிட்டாலும் நான்கில் ஒன்றைக் குறித்துவிட்டு வாருங்கள். ஒன்றையும் காலியாக விடாதீர்கள்.

இனி நோட்டு. மூன்று படங்களையும் பெரிதாக்கி நிதானமாகப் பார்த்தேன். சிவப்பு மையில் சரியான விடை, அதன் கீழே விளக்கத்திலிருந்து இரண்டு வரி, ஓரத்தில் ‘மறுபடி படிக்கணும்’. தமிழ்ப்பள்ளியில் சோதனைத் தாள் கைக்கு வந்ததும் பிழைத்திருத்தம் எழுதுவோமே, அதேதான். சரியான விடையை எழுதி ஆசிரியரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கினால் வேலை முடிந்தது. சொல்வதெழுதுதலுக்கு அது போதும். இந்தத் தேர்வுக்குப் போதாது. ஏனென்றால் அந்தப் பக்கங்களில் நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்பது எங்கேயும் இல்லை.

இதை நானும் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவத்தில் 26 ஆண்டுகள் வேதியியல் சொல்லிக்கொடுத்தேன். பாதிக் காலம், தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விடைகளைப் பலகையில் எழுதுவேன். பிள்ளைகள் தலையாட்டுவார்கள். அடுத்த மாதம் அதே தவறு வரும். அக்கறை இல்லாத பிள்ளைகள் என்று கோபப்பட்டிருக்கிறேன். ஒருநாள் கடைசி வரிசைப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு, “ஏன்டா டி என்று போட்டாய்?” என்று கேட்டேன். காரணம் சொன்னான். அவன் சொன்ன விதி சரி, கணக்கும் சரி. ஆனால் அது அந்தக் கேள்விக்கு உரிய விதி இல்லை. அவனுக்கு முன் எத்தனை பிள்ளைகளிடம் இதைக் கேட்காமல் விட்டேன் என்று இன்றைக்கும் மனம் வருந்துகிறது.

உங்கள் முதல் படத்தில் இருப்பது பஃபர் கரைசல், அதாவது சிறிது அமிலமோ காரமோ சேர்ந்தாலும் பிஹெச் (அமிலத்தன்மையின் அளவு) அதிகம் மாறாமல் தாங்கும் கரைசல். அசெட்டிக் அமிலமும் அசெட்டேட்டும் சம அளவில் இருக்கின்றன, பிஹெச் 4.76. தண்ணீர் ஊற்றிப் பத்து மடங்கு நீர்த்தால் பிஹெச் என்ன ஆகும்? நீங்கள் சி, அதாவது 5.76 என்று குறித்திருக்கிறீர்கள். சரியான விடை பி, 4.76. ஓரத்தில் ‘பஃபர், மறுபடி படிக்கணும்’.

அந்த 5.76 எங்கிருந்து வந்தது? ஹைட்ரோகுளோரிக் அமிலம் போன்ற வலுவான அமிலத்தைப் பத்து மடங்கு நீர்த்தால் பிஹெச் 1 கூடும். அது உண்மையான விதி, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த விதியும்கூட. பஃபரில் கணக்கு இரண்டின் விகிதத்தில் இருக்கிறது. தண்ணீர் ஊற்றினால் அமிலமும் பத்தில் ஒரு பங்காகும், அசெட்டேட்டும் பத்தில் ஒரு பங்காகும், விகிதம் அப்படியே நிற்கும். குறைவது கரைசலின் தாங்கும் திறன்தான். இதை மூன்று வரியில் எழுதியிருந்தால் பாடத்தைத் திரும்பப் படிக்க வேண்டியதே இல்லை.

இன்னொரு படி மேலே போங்கள். சி எந்தக் கேள்விக்குச் சரியான விடை? அசெட்டேட், அமிலத்தைப்போல் பத்து மடங்கு இருந்திருந்தால் பிஹெச் சரியாக 5.76. நல்ல தேர்வுகளில் தவறான விடைகளை யாரும் சும்மா நிரப்புவதில்லை. பக்கத்துக் கேள்வியின் சரியான விடையைக் கொண்டுவந்து வைப்பார்கள். அந்தப் பக்கத்துக் கேள்வியை நீங்களே எழுதிப் பார்த்தால் ஒரு கேள்வியிலிருந்து மூன்று கேள்விகள் கிடைக்கும். புதுத் தொகுப்புக்குக் காசு செலவழிக்காதீர்கள். தேர்வை நடத்தும் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கமே வெளியிடும் மாதிரித் தேர்வுகள் சிலதான். அவற்றைக் கடைசி வாரங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது படம் எனக்கு மிகவும் சங்கடமாக இருந்தது. நொதி, அதன் வேலையைத் தடுக்கும் தடுப்பான், நொதியின் வேகத்தை நேர்கோடாகக் காட்டும் லைன்வீவர்-பர்க் வரைபடம். தடுப்பான் இல்லாதபோது கோடு எக்ஸ் அச்சை -0.5இல் வெட்டுகிறது, தடுப்பான் சேர்த்த பிறகு -0.25இல். கேஎம், அதாவது நொதி தன் உச்ச வேகத்தில் பாதியை எட்டத் தேவையான மூலப்பொருளின் செறிவு, பாதியாகக் குறைந்தது என்று விடை குறித்துவிட்டு, ‘என்சைம் சாப்டர் வீக், 2 நாள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அதே பக்கத்தின் மூலையில் மங்கலாகப் பென்சிலில் ‘போட்டித் தடுப்பான், கேஎம் கூடும், விமேக்ஸ் மாறாது’ என்று இருக்கிறது (விமேக்ஸ் என்பது அந்த உச்ச வேகம்). அதுவும் உங்கள் கையெழுத்துதான். உங்களுக்குப் பாடம் தெரியும் அம்மா! அச்சில் இருப்பது கேஎம் இல்லை, அதன் தலைகீழ் எண், அதுவும் கழித்தல் குறியோடு. 0.5 என்றால் கேஎம் 2, 0.25 என்றால் கேஎம் 4. கூடித்தான் இருக்கிறது. தலைகீழ் எண்ணில் சறுக்கியதற்கு, வேலை விட்டு வந்த களைப்போடு இரண்டு இரவு நொதிப் பாடத்தைத் திரும்பப் படித்திருக்கிறீர்கள். சறுக்கிய இடத்தை யாரும் தொடவே இல்லை. மதிப்பெண் 36இல் நிற்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஆகவே விளக்கத்தைத் திறக்குமுன் உங்கள் காரணத்தை எழுதிவிடுங்கள். இந்த வரிசை முக்கியம். விளக்கத்தை வாசித்த மறுநிமிடம், முன்பு நாம் எப்படி யோசித்தோம் என்பது மறைந்துவிடும். ‘தெரிந்ததுதானே’ என்று தோன்றுவதும் அதனால்தான். சரியான விடை எது என்று மட்டும் பாருங்கள், விளக்கத்தை மூடி வையுங்கள், கேள்வியை நேரக் கணக்கில்லாமல் மறுபடி செய்யுங்கள். தேர்வில் 95 நிமிடத்துக்கு 59 கேள்வி, கேள்விக்கு ஒன்றரை நிமிடத்துக்குச் சற்று மேல். 44 கேள்விகள் 10 பத்திகளை ஒட்டி வருபவை, 15 மட்டும் தனிக் கேள்விகள். அவசரத்தில் பத்தியிலிருந்த ஒரு அலகையோ அச்சின் பெயரையோ தாண்டிப் போயிருந்தால், நிதானமாகச் செய்யும்போது கண்ணில் படும். அப்போதும் வரவில்லை என்றால் பாடத்தைத் திறக்கலாம்.

சரியான 36ஐயும் விடாதீர்கள். குத்துமதிப்பாகப் போட்ட கேள்விகளுக்குத் தேர்வு எழுதும்போதே ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். அவையும் தவறிய கேள்விகளோடு சேர்ந்தவை. இதற்கெல்லாம் ஒரு மணி நேரம் பற்றாது. ஒரு பகுதிக்கு இரண்டு இரவுகள் ஒதுக்குங்கள். வாரத்துக்கு ஒரு தேர்வு குறைந்தால் குறையட்டும்.

மூன்றாவது படத்தில், இரத்தக் குழாயின் ஆரம் பாதியானால் ஓட்டத்துக்கான தடை எத்தனை மடங்கு என்ற கேள்வி. நீங்கள் 4 என்று போட்டிருக்கிறீர்கள், விடை 16. பக்கத்தில் ‘கவனக்குறைவு’ என்று எழுதி இரண்டு கோடு போட்டிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை அடித்துவிடுங்கள். இதே குழாயைப் பற்றி 4 என்று விடை வரும் கேள்வி ஒன்று உண்டு. அதை எழுதி எனக்கு அனுப்புங்கள், இந்த வாரத்திலேயே பார்த்துப் பதில் போடுகிறேன்.

அன்புடன்,
செந்தூல், கோலாலம்பூர்