நான்காவது ரிசீவருக்கு என்ன மதிப்பு?

கேள்வி: என்எஃப்எல் என்ற அமெரிக்க ஃபுட்பால் லீகின் ஆட்டங்களைச் சில வருடங்களாகப் பார்த்துவருகிறேன். எங்கள் அணியின் நான்காவது வைடு ரிசீவர் (பாஸ் பிடிக்கும் ஆட்டக்காரர்) போன சீசன் முழுக்கப் பதினைந்து பந்துகூடப் பிடிக்கவில்லை. அவருக்குப் போய் மறுபடியும் ஒப்பந்தம் கொடுத்திருக்கிறார்கள். அப்படி என்னதான் இருக்கிறது அவரிடம்? முதல் ரிசீவருக்கு அடிபட்டால் இவரை என் ஃபேன்டஸி அணியில் (நிஜ வீரர்களின் ஆட்டத்தை வைத்துப் புள்ளி சேர்க்கும் கற்பனை அணி) எடுக்கலாமா?

பதில்: அணிக்கு அவர் எவ்வளவு தேவை என்பது ஒரு கேள்வி. உங்கள் ஃபேன்டஸி அணிக்கு அவரால் லாபம் உண்டா என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு ‘ரொம்பவே’ என்றும் இரண்டாவதற்கு ‘துளியும் இல்லை’ என்றும் பதில் வருவது சர்வசாதாரணம். அதனால் தனித்தனியாகப் பார்ப்போம்.

அணிப் பட்டியலில் 53 பேர். ஆட்டத்தன்று அதிகபட்சம் 48 பேருக்குத்தான் களமிறங்க அனுமதி. ரிசீவர்கள் ஐந்தாறு பேர் இருப்பார்கள்; பந்து பிடிக்கும் வேலை பெரும்பாலும் முதல் மூவரோடு முடிந்துவிடும். நான்காமவரும் ஐந்தாமவரும் அன்று ஜெர்சி மாட்ட வேண்டுமென்றால் ஸ்பெஷல் டீம்ஸில், அதாவது பண்ட் (பந்தை எதிரணியிடம் உதைத்துவிடுவது), கிக்ஆஃப் (ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் உதை) சமயத்தில் இறங்கும் குழுவில், ஏதாவது வேலை தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த முறை உங்கள் அணி பண்ட் உதைக்கும்போது பந்தைப் பார்க்காதீர்கள். இரண்டு ஓரத்திலும் தனியாக நிற்கிறார்களே, அந்த இருவரைப் பாருங்கள். கன்னர் என்பார்கள். எதிரணி ஒருவரையோ இருவரையோ கன்னர்மேல் ஏவிவிட்டு, கோட்டுக்கு வெளியே தள்ளப் பார்க்கும். அவர்களை உதறிவிட்டு நாற்பது ஐம்பது யார்டு ஓடி, பந்தைப் பிடித்தவரை அங்கேயே மடக்க வேண்டும். மடக்கினால் கணக்கில் ஒரு டேக்கிள். கன்னர் பாய்ந்து வருவதைப் பார்த்து பந்தைப் பிடிப்பவர் கையைத் தூக்கி ஃபேர் கேட்ச் (ஓட மாட்டேன், தொடாமல் பிடிக்க விடுங்கள் என்ற சைகை) கேட்டுவிட்டால், கன்னர் பெயருக்கு எதிரே எதுவுமே ஏறாது. ஆனால் எதிரணிக்கு ஒரு யார்டுகூடக் கூடுதலாகக் கிடைக்கவில்லை.

நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸின் மேத்யூ ஸ்லேட்டர் பட்டியலில் ரிசீவர்தான். 2008 முதல் 2023 வரை ஆடி அவர் பிடித்த பாஸ் ஒன்றே ஒன்று. சீசனின் சிறந்த வீரர்களுக்கான ப்ரோ பவுலுக்குத் தேர்வானதோ 10 முறை. நியூயார்க் ஜயன்ட்ஸின் டேவிட் டைரியும் இந்த ரகம். 2007 சீசனில் மொத்தமே 4 பந்து பிடித்தார். அப்புறம் 42ஆவது சூப்பர் பவுலில், அதாவது சீசனின் இறுதி ஆட்டத்தில், பந்தை ஹெல்மெட்டோடு அழுத்திப் பிடித்த அந்த 32 யார்டு கேட்ச் எல்லாருக்கும் தெரியும். என்எஃப்எல்லில் அவர் கடைசியாகப் பிடித்ததும் அதுதான். அதை வைத்து டைரியை எடை போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. 2005லேயே ஸ்பெஷல் டீம்ஸ் ஆளாக ப்ரோ பவுல் போனவர் அவர். அந்த வேலை தெரியாதிருந்தால் அன்று களத்திலேயே இருந்திருக்க மாட்டார்.

கிக்ஆஃப் விதிகள் 2024இல் மாறியதும் இந்தக் கணக்கில் சேரும். உதைத்த பந்து நேராக மைதானக் கோடியிலுள்ள எண்ட் ஜோனில் போய் விழுந்தால் எதிரணி 35 யார்டு கோட்டிலிருந்து ஆடலாம் என்று 2025இல் ஆனபிறகு, பந்தை எடுத்து ஓட விடுவதே மேல் என்று அணிகள் நினைக்கின்றன. பந்தைத் திருப்பி ஓடத் தெரிந்த உதிரி ரிசீவருக்கு மவுசு கூடிவிட்டது.

சரி, ரிசீவர் வேலைக்கு வருவோம். கேட்சை மட்டும் எண்ணுவது, எத்தனை பந்து ஆடினார் என்று கேட்காமல் பேட்ஸ்மேனின் ரன்னை மட்டும் படிப்பதுபோல. பாஸ் ஆட்டங்களில் எத்தனை தடவை ரூட் (பாஸ் வாங்க ஓடும் வழி) ஓடினார் என்று முதலில் பாருங்கள். பெற்ற யார்டை அதனால் வகுத்தால் ஒரு ரூட்டுக்கு இத்தனை யார்டு என்று வரும். ஒருவர் 150 ரூட் ஓடி 300 யார்டு, இன்னொருவர் 400 ரூட் ஓடி அதே 300 என்றால், முன்னவருக்கு 2, இவருக்கு முக்கால். இரண்டைத் தொட்டாலே நல்ல ரிசீவர். ஒன்றுக்குக் கீழே இருப்பவர் ஓடுகிறார், ஆனால் பாஸ் எறியும் குவார்ட்டர்பேக் அவர் பக்கம் திரும்புவதில்லை. மொத்தமே முப்பது நாற்பது ரூட்தான் ஓடியிருக்கிறார் என்றால் இந்தக் கணக்கையே நம்பாதீர்கள். ஒரு நீளமான கேட்ச் போதும், எண் எகிறிவிடும். ஸ்னாப் (அவர் களத்தில் இருந்த ஆட்டங்கள்) எண்ணிக்கையையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். முப்பது ஸ்னாப்பில் பாதி ரன் ஆட்டமாக இருந்தால் அவர் அங்கே செய்தது பிளாக்கிங், அதாவது எதிராளியை வழிமறிப்பது.

வாய்ப்பு அணிக்கு அணி மாறும். பயிற்சியாளர் ஷான் மெக்வேயின் ராம்ஸ் பெரும்பாலும் மூன்று ரிசீவர்களை வைத்தே ஆடிவந்த அணி. அங்கே மூன்றாமவர் கிட்டத்தட்ட முழுநேர ஆள். பயிற்சியாளர் கைல் ஷனஹானின் ஃபார்ட்டிநைனர்ஸ், பந்தோடு ஓடுபவருக்கு வழிசெய்யும் ஃபுல்பேக்கை அடிக்கடி இறக்குவதால் மூன்றாவது ரிசீவர் வெளியே உட்கார வேண்டியிருக்கும். அந்த நிலையில் இருந்தவர்தான் ஜவான் ஜென்னிங்ஸ். 2020 டிராஃப்டில் (அணிகள் புதிய வீரர்களைத் தேர்வு செய்யும் முறை) கடைசியான ஏழாவது சுற்று. 2023இல் 19 கேட்ச், 265 யார்டு. பார்த்தால் நீங்கள் சொல்லும் ஆள் மாதிரியே இருக்கும். ஆனால் முரட்டுத்தனமாக பிளாக் செய்வார், மூன்றாவது டவுனில் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது) தவறாமல் களத்தில் இருப்பார். பயிற்சியாளர் நம்புகிறார் என்பதற்கு அதைவிட வேறு அத்தாட்சி வேண்டாம். 2024இல் மற்றவர்கள் அடிபட்டு விலகியபோது ராம்ஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 11 கேட்ச், 175 யார்டு, 3 டச்டவுன். சீசன் முடிவில் 77 கேட்ச், 975 யார்டு.

இதற்கு நேரெதிர் கதை கிறிஸ் மேத்யூஸ். என்எஃப்எல்லில் ஒரு கேட்ச்கூட இல்லாமல் 49ஆவது சூப்பர் பவுலுக்கு சீஹாக்ஸுக்காக இறங்கி, 4 பந்தில் 109 யார்டும் ஒரு டச்டவுனும் எடுத்தார். ஆறடி ஐந்து அங்குல உயரம். ரிசீவரைக் காவல் காக்கும் குள்ளமான கார்னர்பேக்குகளின் தலைக்குமேல் பறித்தார். பேட்ரியாட்ஸ் உயரமான பிராண்டன் பிரவுனரை அவர்மேல் போட்டது, ஆட்டம் அடங்கிவிட்டது. அடுத்த வருடமும் அவர் நிலையான ரிசீவராக ஆகவில்லை. எதிரணி தயாராகாதவரை உதிரி ஆளுக்கு ஓர் ஆட்டம் கொழிக்கும். எதிரணி தயாரானபிறகும் பந்து அவரிடம் வருகிறதா என்பதைத்தான் நான் பார்ப்பேன். 2023இல் ராம்ஸின் முதல் ரிசீவர் கூப்பர் கப் அடிபட்டு உட்கார்ந்தபோது அதே அணியின் புக்கா நகுவாவுக்கு முதல் ஆட்டத்தில் 15 டார்கெட் (அவரை நோக்கி எறிந்த பாஸ்), அடுத்ததில் 20. டச்டவுன் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் அந்த இரண்டு எண்களே போதும்.

ஒப்பந்தத்தைப் பொறுத்தவரை, மொத்தத் தொகையை விட்டுவிட்டு உத்தரவாதத் தொகையைப் பாருங்கள். நான்கு சீசன் முடித்த வீரருக்கு 2025இன் குறைந்தபட்சச் சம்பளம் 11,70,000 டாலர். ஒரு வருட ஒப்பந்தத்தில் அந்தக் குறைந்தபட்சத்துக்கே எடுத்தால் அணியின் சம்பள உச்சவரம்பில் 10,30,000 மட்டும் ஏறும்படி ஒரு சலுகை உண்டு. அந்த வருட உச்சவரம்போ 27.92 கோடி டாலர். உத்தரவாதம் எதுவும் இல்லாமல் அந்தத் தொகைக்குத்தான் உங்கள் ஆள் கையெழுத்திட்டார் என்றால், ஆகஸ்டில் இன்னொரு இளைஞரோடு மோதி இடத்தைப் பிடிக்கச் சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான். கணிசமான உத்தரவாதம் இருந்தால், அவருக்கு இடம் ஏற்கெனவே ஒதுக்கியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இனி ஃபேன்டஸி. முதல் ரிசீவர் விழுந்தால் நான்காமவர் அப்படியே அந்த இடத்துக்கு வருவார் என்று நினைக்காதீர்கள். ஓரத்தில் நின்று, முட்டி நிற்கும் கார்னர்பேக்கைத் தாண்டி ஆட எல்லோராலும் முடியாது. பல சமயம் ஸ்லாட்டில், அதாவது உள்பக்கம், ஆடுபவர் வெளியே நகர்வார், உதிரி ஆள் ஸ்லாட்டுக்குப் போவார், கூடுதல் பந்தெல்லாம் பிளாக்கும் செய்து பாஸும் பிடிக்கும் டைட் எண்டுக்குப் போய்விடும். ஆகவே ஓர் ஆட்டம் பொறுங்கள். பாஸ் ஆட்டங்களில் முக்கால்வாசிக்குமேல் ரூட் ஓடி, ஆறேழு டார்கெட் பெற்றிருந்தால், மூன்றுதான் பிடித்திருந்தாலும் அந்த வாரமே வெய்வரில் (லீக்கில் யாரும் எடுக்காத வீரர்களை எடுக்கும் வழி) எடுத்துவிடுங்கள். இரண்டு டார்கெட்டில் ஒரு நீள டச்டவுன் என்றால் லீக்கில் வேறு யாராவது எடுத்துக்கொள்ளட்டும். அடிபட்டவர் இரண்டு மூன்று வாரத்தில் திரும்புவார் என்றால், வெய்வர் ஏலத்தில் பட்ஜெட்டின் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாதீர்கள்.