இரண்டு குடம் தண்ணீர்

அன்புள்ள அம்மா,

கிராமப்புறச் சிறுபான்மை இன மக்களின் கொரோனாப் பெருந்தொற்று விழிப்புணர்வு குறித்து, வீடு வீடாக நடந்து ஆய்வு செய்துவருகிறேன். முகக்கவசம், கைகழுவுதல், இடைவெளி பற்றி அறிந்தவர்கள்கூட அவற்றைக் கடைப்பிடிப்பதில்லை. இந்த அறியாமையைப் போக்க ஒரு கையேடு எழுத விரும்புகிறேன். எந்த நடையில் எழுதலாம்? படங்கள் தேவையா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சில நாட்களாக இதைப் பற்றியே எண்ணிக்கொண்டிருந்ததால் உடனே எழுதுகிறேன். படங்கள் தேவைதான். நடையைப் பற்றி அம்மக்களின் மொழியைப் பேசுபவரிடம் கேளுங்கள். என்னை உறுத்தியது 'அறியாமை' என்னும் சொல். அறிந்தவர்களும் கடைப்பிடிப்பதில்லை என்று எழுதிய கை, அடுத்த வரியிலேயே அதற்கு அறியாமை என்று பெயர் சூட்டலாமா? ஆய்வாளருக்கு இந்த அவசரம் ஆகாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 நொடி சோப்புத் தேய்த்துக் கழுவ, சொம்பில் மொண்டு சிக்கனமாக ஊற்றினாலும் அரை லிட்டர் ஆகும். ஆறு பேர் உள்ள வீட்டில் ஆளுக்குப் பத்து முறை என்றால் நாளொன்றுக்கு 30 லிட்டர். பெரிய குடத்தில் இரண்டு குடம். அதைத் தொலைவிலிருந்து இடுப்பில் சுமந்து வருகிற பெண், அடுப்புக்கும் குழந்தைக்கும் கால்நடைக்கும் பங்கிட்டது போக மிஞ்சியதைத்தான் கைக்கு ஊற்றுவாள். எத்தனை முறை கை கழுவுகிறீர்கள் என்று கேட்கும் உங்கள் வினாத்தாள், தண்ணீர் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று கேட்கிறதா? 2020 மே மாதத்தில் அமெரிக்காவின் நவஹோ பழங்குடி மக்களிடையே தொற்று விகிதம் நியூயார்க் மாநிலத்தையும் விஞ்சியது. அங்கே ஏறத்தாழ மூன்றில் ஒரு வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் கிடையாது. தடுப்பூசி கைக்கு எட்டியதும், 2021இல், அதே மக்கள் அந்நாட்டின் சராசரியை முந்திச் சென்று போட்டுக்கொண்டார்கள்.

இன்னும் பின்னே போனால், பசிபிக் பெருங்கடலில் உள்ள சமோவா தீவுகள். உலகெங்கும் இன்ஃபுளுவென்சா காய்ச்சல் பரவிய 1918 நவம்பரில், அது கண்டவர்களோடு வந்த கப்பலை, நியூசிலாந்து ஆண்ட மேற்குச் சமோவாவில் கரையேற விட்டார்கள்; மக்களில் ஐந்தில் ஒருவர் மாண்டனர். அமெரிக்க நிர்வாகத்தில் இருந்த கிழக்குத் தீவுகளோ கப்பல்களைத் தடுத்துத் தனிமைப்படுத்தின. அங்கே அந்தக் காய்ச்சலுக்கு ஒருவர்கூடப் பலியாகவில்லை. இரு கரையிலும் ஒரே இனம், ஒரே மொழி. மேற்கில் மாண்டவர்கள் கிழக்கில் பிழைத்தவர்களைவிட அறியாதவர்கள் என்று சொல்வீர்களா? வாயிலைத் திறந்து வைத்தவர்களை விட்டுவிட்டு, உள்ளே செத்தவர்களிடம் போய் வினாத்தாளை நீட்டுவது எனக்குப் பெருங்கோபத்தைத் தருகிறது.

தடுப்பு என்பதே அவர்களுக்குப் புதிது என்று எண்ணிவிடவும் வேண்டாம். 2020 மார்ச்சில் வடக்குத் தாய்லாந்தின் கரேன் பழங்குடி ஊர்கள், ஊரடைக்கும் பழைய சடங்கை மீட்டெடுத்து வாயிலில் மூங்கில் தடுப்புக் கட்டின.

உங்கள் அக்கறையை நான் ஐயுறவில்லை. வீடு வீடாக நடப்பவர்கள் எத்தனை பேர்? அந்த நடைக்காகவே உரிமையோடு கடிந்துகொள்கிறேன். அடுத்த முறை வினாத்தாளை வைத்துவிட்டு, அவ்வீட்டுப் பெண்களோடு நீரெடுக்கும் இடம்வரை குடத்துடன் சென்று, அதை நிறைத்துச் சுமந்து வாருங்கள். வந்ததும் எழுதுங்கள், கையேட்டைப் பிறகு பேசலாம்.

அன்புடன்.