2015 டொயோட்டா விட்ஸ் காருக்கு 95 ஒக்டேன் பெற்றோல் அடிப்பதில் பிரயோசனம் உண்டா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: 2015 விட்ஸ் ஒன்று எடுத்திருக்கிறீர்கள். தினமும் மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்கு வேலைக்கு ஓடப் போகிறீர்கள். மாமா, "காசு போட்டு எடுத்த வாகனம், 95 அடிங்க மருமகன், அப்பதான் எஞ்சின் நல்லாக் கிடக்கும்" என்கிறார். பெற்றோல் செட்டில் நிற்கும் தம்பி 92 போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

செட்டுத் தம்பி சொல்வதுதான் சரி. ஆனால் மாமாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஒரு வருடத்துக்கு மேலாக நானும் அதே நம்பிக்கையில் 95 தான் அடித்தேன். அந்த நம்பிக்கை எனக்கு எப்படி வந்தது என்று முதலில் சொல்கிறேன்.

2022 ஜூன் கடைசியில் 92 லீற்றர் 470 ரூபாய், 95 லீற்றர் 550 ரூபாய். விலையை விடுங்கள், காசு கொடுத்தாலும் எண்ணெய் இல்லை. அம்மாவைக் கிளினிக்குக் கூட்டிப்போக வேண்டும், தாங்கியில் ஒன்றும் இல்லை. தெரிந்தவர் ஒருவர் மூலமாக ஐந்து லீற்றர் கான் ஒன்று வாங்கி ஊற்றினேன். அடுத்த நாள் கல்லடிப் பாலத்தில் ஏறும்போது எஞ்சினிலிருந்து ஒரு சத்தம். தகரப் பேணிக்குள் சில்லறைக் காசைப் போட்டுக் குலுக்கினால் வருமே, அதே சத்தம். பாலம் இறங்கியதும் சத்தம் நின்றுவிட்டது. அக்ஸிலரேட்டரை அழுத்தினால் திரும்ப வந்தது. அம்மா பக்கத்தில் இருக்க, கார் இடையில் நின்றுவிடுமோ என்ற பயத்தோடேயே ஓட்டினேன்.

பிறகு எண்ணெயைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வந்தது. காருக்கு வாரம் 20 லீற்றர். அன்றைக்கு 92 வரிசை நீளம், 95 பக்கம் ஆள் குறைவு. 95 அடித்தேன். சத்தம் போய்விட்டது. அதோடு எனக்கு 95 மருந்துபோல ஆகிவிட்டது. யார் கேட்டாலும் "95 அடியுங்கள்" என்று நானே சொல்லியிருக்கிறேன்.

ஒரு வருடம் கழித்து ஆரையம்பதியில் ஒரு கராஜில் பிரேக் வேலைக்குப் போயிருந்தபோது அங்கிருந்த மெக்கானிக் பாஸிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "தம்பி, அந்தக் கான் எண்ணெய் மண்ணெண்ணெய் மணந்ததா?" மணந்தது. ஊற்றும்போதே மணந்தது. அவசரத்தில் நான் அதைக் கணக்கெடுக்கவில்லை. மண்ணெண்ணெயின் ஒக்டேன் பெற்றோலை விட மிகக் குறைவு. கலந்தால் மொத்த எண்ணெயின் ஒக்டேனையும் அது கீழே இழுத்துவிடும். அன்றைக்கு நல்ல 92 அடித்திருந்தாலும் சத்தம் நின்றிருக்கும். நோய் ஒன்று, நான் மருந்து என்று நம்பியது வேறொன்று.

இப்போது ஒக்டேன் என்றால் என்ன என்பதைப் பார்ப்போம். பெரும்பாலானோர் அதைப் பெற்றோலின் பலம் என்று நினைக்கிறார்கள். பலம் இல்லை, பொறுமை. சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடும் அல்லவா? காற்றை அமுக்கினால் சூடேறும். எஞ்சினிலும் பிஸ்டன் மேலே வந்து காற்றையும் பெற்றோலையும் அமுக்குகிறது, பிளக் பொறி தட்டுகிறது, நெருப்பு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் பரவுகிறது. அந்த நெருப்பு வந்து சேருமுன், கடைசி மூலையில் அமுங்கிக் கிடக்கும் கலவை சூடு தாங்காமல் தானாகவே வெடித்தால் அதுதான் நொக்கிங், நான் பாலத்தில் கேட்ட சத்தம். அப்படித் தானாகப் பற்றாமல் பொறுத்திருக்கும் தன்மைக்கு வைத்த எண்தான் ஒக்டேன். ஐசோ ஒக்டேனுக்கு 100, ஹெப்டேனுக்கு 0 என்று வைத்து அளக்கிறார்கள். 92 என்றால், 92 பங்கு ஐசோ ஒக்டேனும் 8 பங்கு ஹெப்டேனும் சேர்ந்த கலவை எவ்வளவு பொறுக்குமோ அவ்வளவு பொறுக்கும். ஒரு லீற்றர் 92 எரிந்து தரும் சூடும், ஒரு லீற்றர் 95 தரும் சூடும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஆகவே உங்கள் எஞ்சினுக்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் உங்கள் காரிலேயே ஒட்டியிருக்கிறது. பெற்றோல் அடிக்கும் இடத்து மூடியைத் திறந்து அதன் உட்பக்கத்தைப் பாருங்கள். என் விட்ஸில் வெயிலில் வெளுத்துப்போன சின்ன ஸ்டிக்கர் ஒன்று இருந்தது, முழுக்க ஜப்பான் எழுத்து. இத்தனை வருடமாக எண்ணெய் அடிக்கும்போதெல்லாம் கண்ணில் பட்டும் வாசிக்க நினைத்ததில்லை. போன் கமராவைக் காட்டி மொழிபெயர்த்தபோது வந்தது: "ஈயமற்ற ரெகுலர் பெற்றோல்". ஜப்பானின் தர விதிப்படி ரெகுலர் என்றால் குறைந்தது 89. விலை கூடியதை அங்கே ஹைஒக்கு என்பார்கள், அது குறைந்தது 96. அவர்களும் நம்மைப்போலவே அளக்கிறார்கள். அதாவது 89 போதும் என்று செய்த எஞ்சினுக்கு நம் ஊர் 92 ஏற்கனவே கூடுதல்தான். அமெரிக்கர்கள் 87 என்று எழுதுவதைப் பார்த்துக் குழம்பாதீர்கள். அவர்கள் அளக்கும் முறை வேறு, அந்த 87 நம் கணக்கில் 91, 92 அளவில் வரும்.

"ஹைபிரிட் கார்களின் எஞ்சின் கூடுதலாக அமுக்குமே, அதற்கு 95 வேண்டாமா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. டொயோட்டாவின் ஹைபிரிட் காரான அக்குவாவின் அமுக்க விகிதம் 13.4 என்று போட்டிருக்கும். ஆனால் அந்த எஞ்சினில் காற்று வரும் வால்வு பிந்தித்தான் மூடுகிறது, அதனால் உண்மையில் அமுங்குவது அவ்வளவு இல்லை. அதன் மூடியிலும் ரெகுலர் என்றுதான் இருக்கும்.

எழுத்தை மட்டும் நம்ப எனக்கு மனம் வரவில்லை, அளந்தும் பார்த்தேன். அதே கல்முனை ரோட்டில், காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, கல்லாறு, மருதமுனை என்று போய் வரும் சமதரை ஓட்டம். தாங்கி நிறைய அடித்து, ஓடி, திரும்ப நிறைய அடித்து, ஓடிய தூரத்தை அடித்த லீற்றரால் பிரித்தேன். மூன்று தாங்கி 92, மூன்று தாங்கி 95. 92 இல் 16.8, 17.1, 16.5. 95 இல் 16.9, 16.6, 17.0. காத்தான்குடிச் சந்தியில் ஒரு நாள் கூடுதல் நேரம் நின்றால் வரும் வித்தியாசம்கூட இதில் இல்லை.

2022 இன் அந்த விலையையே எடுத்துக்கொள்ளுங்கள். 80 ரூபாய் கூட, அதாவது 17 சதவீதம். அந்தக் காசு திரும்பி வர வேண்டுமென்றால் 17 கிலோமீற்றர் ஓடும் கார் ஏறக்குறைய 20 ஓட வேண்டும். விலை மாதத்துக்கு மாதம் மாறும், நீங்கள் அன்றைய விலையைப் போட்டுப் பாருங்கள். இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. அமெரிக்காவின் ஏஏஏ வாகன ஓட்டிகள் சங்கம் 2016 இல், தேவையில்லாத கார்களுக்கு பிரீமியம் அடித்து அந்நாட்டு மக்கள் ஒரு வருடத்தில் 2.1 பில்லியன் டொலர் வீணாக்கியதாகக் கணக்குச் சொன்னது. ஹயர் ஓடிப் பிழைக்கும் நம் அண்ணன்மார் பிள்ளையின் வகுப்புக் காசை இதில் விடுவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மனம் வலிக்கிறது.

95 தேவைப்படும் கார்களும் இருக்கின்றன. பிஎம்டபிள்யூ, பெஜோ மாதிரி ஐரோப்பிய கார்களின் மூடியில் 95 என்றே இருக்கும். சுபாருவின் டர்போ கார்கள் பல, பழைய ஸ்விஃப்ட் ஸ்போர்ட் எல்லாம் ஹைஒக்கு கேட்பவை. அவற்றுக்கு 92 அடித்தால் நொக் சென்சர் சத்தத்தைப் பிடித்து, பொறி தட்டும் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளும். எஞ்சின் தப்பும், ஆனால் இழுவை குறையும், எண்ணெயும் கூடக் குடிக்கும். அங்கே மிச்சம் பிடிக்காதீர்கள்.

இன்னொரு விஷயத்தையும் மறைக்கக் கூடாது. இங்கே 95 யூரோ 4 தரம் என்று விற்கிறார்கள், அந்தத் தரத்தில் கந்தகம் குறைவு. புகைக்குழாயில் புகையைச் சுத்திகரிக்கும் கற்றலிற்றிக் கொன்வேட்டருக்கு அது நல்லது. ஆனால் அது கந்தகம் குறைந்ததால் வரும் நன்மை, ஒக்டேனால் வருவதில்லை. "95 எஞ்சினைக் கழுவும்" என்று சிலர் சொல்வதும் அப்படித்தான். கழுவுவது பெற்றோலில் சேர்க்கும் மருந்து, ஒக்டேன் இல்லை.

நல்ல 92 அடித்தும், மகியங்கனை 18 வளைவு மலை ரோட்டில் ஏறும்போது அந்தப் பேணிச் சத்தம் வந்தால் முதலில் கியரைக் குறையுங்கள். திரும்பத் திரும்ப வந்தால் கராஜுக்குப் போங்கள். கார்பன் படிந்திருக்கலாம், பிளக் பழுதாகியிருக்கலாம், எஞ்சின் அளவுக்கு மேல் சுடலாம். 95 அடித்து அந்தச் சத்தத்தை அமர்த்தினால் காரணம் உள்ளேயே கிடக்கும். கானில், போத்தலில் வரும் எண்ணெயை மட்டும் என்ன அவசரம் என்றாலும் ஊற்றாதீர்கள்.

மாமாவிடம் வாதாட வேண்டாம். அவரையும் கூட்டிக்கொண்டு போய் மூடியைத் திறந்து காட்டுங்கள். ஸ்டிக்கர் வெளுத்து வாசிக்க முடியாவிட்டால் படம் எடுத்து இங்கே போடுங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன்.