இணைய வேகத்தை அளப்பது எப்படி? கேள்வி பதில்

காட்பாடியிலிருந்து ஒருவர்: 100 மெகாபிட் திட்டத்துக்குப் பணம் கட்டுகிறேன். கோப்பு இறங்கும்போது நொடிக்கு 12 என்றுதான் காட்டுகிறது. ஏமாற்றுகிறார்களா?

இல்லை. திட்டம் பிட் கணக்கில் விற்கப்படுகிறது. கோப்போ பைட் கணக்கில் இறங்குகிறது. ஒரு பைட்டுக்கு 8 பிட். 100ஐ 8ஆல் வகுத்தால் 12.5.

ராணிப்பேட்டையிலிருந்து ஒருவர்: ஒரே இணைப்பை மூன்று சோதனைகளில் அளந்தால் மூன்று எண்கள் வருகின்றன. எது உண்மை?

மூன்றும் உண்மையாக இருக்கலாம். அவை அளப்பது வேறு வேறு பொருள்களை. ஊக்லாவின் ஸ்பீட்டெஸ்ட், அருகிலுள்ள சர்வர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறந்து, உங்கள் குழாயில் எவ்வளவு கொள்ளும் என்று பார்க்கிறது. எம்-லேப் சோதனை ஒற்றை இணைப்பைக் கொண்டு, பெரும்பாலும் உங்கள் நிறுவனத்தின் வலையமைப்புக்கு வெளியே உள்ள சர்வர் வரை அளப்பதால், வழியில் உள்ள நெரிசலும் அதன் எண்ணில் சேர்ந்துவிடுகிறது. நெட்ஃப்ளிக்ஸ் 2016இல் தொடங்கிய ஃபாஸ்ட் தளம் அந்நிறுவனத்தின் சர்வர்களையே நாடுகிறது. சத்துவாச்சாரி வரை போய்வந்த நேரத்தையும் சென்னை வரை போய்வந்த நேரத்தையும் ஒப்பிட்டு, எந்தக் கடிகாரம் பழுது என்று கேட்பதைப் போன்றது இது. எதை அளப்பதானாலும் வைஃபையை விட்டுவிட்டு ரூட்டரிலிருந்து கம்பி இழுத்து அளந்து பாருங்கள்.

குடியாத்தத்திலிருந்து ஒருவர்: முன்பு தென் கொரியாதான் முதலிடம் என்று படித்திருக்கிறேன். இன்றைய பட்டியல்களில் சிங்கப்பூர் மேலே நிற்கிறது. கொரியா பின்தங்கிவிட்டதா?

நீங்கள் படித்தது, பல இணையதளங்களின் பொருள்களைத் தன் சர்வர்களிலிருந்து வழங்கும் அகமாய் நிறுவனத்தின் அறிக்கையாக இருக்கும். 2017 முதல் காலாண்டில் கொரியாவின் சராசரியாக அது 28.6 மெகாபிட்டைக் குறித்தது. யாரும் பொத்தானை அழுத்திச் சோதித்த எண் அன்று அது. அகமாயின் சர்வர்களிலிருந்து அன்றாடம் பொருள்கள் இறங்கிய வேகம். சிறு படம் ஒன்று, இணைப்பு முழு வேகத்தை எட்டுமுன்பே இறங்கி முடிந்துவிடும். அந்த அளவுகோலால் அளந்ததையும் இன்றைய பட்டியல்கள் காட்டும் ஸ்பீட்டெஸ்ட் எண்ணையும் அருகருகே வைக்கக்கூடாது. தவிர, சிங்கப்பூர் ஒரு நகரம்; அதற்கு ஜவ்வாது மலை இல்லை.

ஆம்பூரிலிருந்து ஒரு கணித ஆசிரியர்: ஊக்லா தன் பட்டியலில் கூட்டுச் சராசரியைக் கைவிட்டு, எண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் இடைநிலை அளவுக்கு மாறியது சரியா?

சரியே. 2021இல் மாறினார்கள். அதே ஆண்டு நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்தது நினைவிருக்கும். அந்த நாள்களையும் சேர்த்துச் சராசரி போட்டால், ஆண்டு முழுவதும் ஆற்றில் நீர் ஓடியதாகத் தோன்றும். ஆயிரம் மெகாபிட் வாங்கிய சில வீடுகள் சராசரியில் செய்வதும் அதுவே.

அதே ஆசிரியர்: ஒப்பவில்லை. 20, 30, 40, 50, 1000 என ஐந்து வீடுகள். இடைநிலை 40. முதல் இரண்டும் 5, 8 என விழுந்தாலும் இடைநிலை 40தான். ஏழை வீடு காணாமல் போகிறதே?

நல்ல அடி. உங்கள் கணக்கில் சராசரியும் 228இலிருந்து 220.6க்குத்தான் இறங்குகிறது என்பதால் அதுவும் அந்த வீட்டைக் காட்டவில்லை. கடைசிப் பத்து விழுக்காட்டினரின் வேகத்தையும் சேர்த்து வெளியிட வேண்டும் என்பதே என் வாதம். இடைநிலைக்குத் தீர்க்க முடியாத இன்னொரு குறையும் உண்டு. இந்தியாவின் கைப்பேசி இடைநிலை வேகம் 2022 செப்டம்பரில் 13.87 மெகாபிட், 5ஜி வந்தபின் 2023 ஆகஸ்டில் 50.21. முன்னேற்றம் மெய்யானதே. ஆயினும் புதிய 5ஜி கைப்பேசி வாங்கியவர் ஆசையோடு சோதித்துப் பார்ப்பார். பழைய கைப்பேசிக்காரர் சோதிக்கவே மாட்டார். எண்ணுவது சோதனைகளை, மக்களை அன்று.

ஆரணியிலிருந்து ஒருவர்: சிங்கப்பூர் சர்வரில் விளையாடினால் பிங், அதாவது தகவல் போய்வரும் நேரம், குறையவே மாட்டேன் என்கிறது. பெரிய திட்டம் வாங்கட்டுமா?

வேண்டாம். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடிக் கம்பி ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் இரண்டு இலட்சம் கிலோமீட்டர்தான் செல்லும். போய்வரவே 32 மில்லிநொடி. எந்தத் திட்டமும் அதைக் குறைக்காது.

வாலாஜாவிலிருந்து ஒருவர்: 200 மெகாபிட் வாங்கினேன், 25தான் காட்டுகிறது.

காட்பாடி அன்பருக்குத் தந்த பதில்.

வேலூரிலிருந்து ஒருவர்: எந்த நிறுவனம் நல்லது?

மாடிவீட்டுக்காரரைக் கேளுங்கள், உங்கள் தெரு எனக்குத் தெரியாது.

திருப்பத்தூரிலிருந்து ஒருவர்: படுக்கையறையில் 30தான் வருகிறது. இந்தியா இவ்வளவு மோசமா?

கம்பி இழுத்து அளந்தீர்களா?